மேடை வாள் சண்டை பழகப் போய் எட்டு வாரம் விரலில் கட்டோடு இருந்தேன்

இடது புறங்கையை மேசை மேல் படிய வைத்து விரல்களை விரித்தால் மற்ற நகங்கள் எல்லாம் மரத்தைத் தொடும். நடுவிரல் நகம் மட்டும் ஓர் அரிசி மணி உயரத்துக்கு எழும்பி நிற்கும். எவ்வளவு முயன்றாலும் தானாக இறங்காது. வலி கிடையாது, வேலைக்கு இடைஞ்சலும் இல்லை. ஆனால் டைப் பண்ணும்போதெல்லாம் அந்த விரல் கண்ணில் படும், பட்டதும் அந்த இரண்டாவது வகுப்பு நினைவுக்கு வந்துவிடும். வகுப்பில் சேருவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த யாராவது என்னை உட்கார வைத்துக் கால் மணி நேரம் பேசியிருந்தால் இது நடந்திருக்காது. அப்படிப் பேச எனக்கு யாரும் வாய்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மேடையில் வாள் வீச ஆசைப்பட்டு யாராவது ஒருவர் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் எனக்கு அது போதும்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுகிறோம். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒத்திகை சனி ஞாயிறு மட்டும்தான். அந்த வருஷம் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் என்று முடிவானது. எனக்கு லேயர்ட்டிஸ் வேடம். கடைசிக் காட்சியில் ஹாம்லெட்டும் லேயர்ட்டிஸும் வாள் போட்டியில் இறங்குவார்கள், மொத்த நாடகமும் அந்தச் சண்டையில்தான் போய் முடியும். அதைச் சும்மா வாளோடு வாளை இடித்துக் காட்டி ஒப்பேற்ற எனக்கு மனசு வரவில்லை. முறையாகக் கற்றுக்கொண்டு வந்து, எதிரில் நடிப்பவருக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். நாடகத்துக்கு நாலு மாதம் இருந்தது. 'தொடக்கநிலை மேடை வாள் சண்டை, 8 வாரம், முன் அனுபவம் தேவையில்லை' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பார்த்த அன்றைக்கே முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டேன். என் மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அது.

நான் செய்த முதல் தப்பு இதுதான். சேருவதற்கு முன் 'ஓரமாக உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்த்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டிருக்க வேண்டும். பிற்பாடு நான் தெரிந்துகொண்டது, ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. பலர் அவர்களே வந்து பார்க்கச் சொல்கிறார்கள். தயங்கினாலோ, 'முதல்ல பணத்தைக் கட்டுங்க, அப்புறம் பாக்கலாம்' என்றாலோ அங்கேயே திரும்பிவிடுங்கள். பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா, எவ்வளவு வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு படிவம் நீட்டினார்கள், பேனாவும் கொடுத்தார்கள், வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறதே என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். காயம் பட்டால் முழுப் பொறுப்பும் என்னுடையது, கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று அதில் இருந்தது. அதை நான் முதல்முறையாக ஒழுங்காகப் படித்தது விரலில் கட்டுப் போட்ட பிறகுதான்.

முதல் நாள் வகுப்பில் நாங்கள் 14 பேர், மாஸ்டர் ஒருவர். போனதும் ஆளுக்கொரு இரும்பு வாளைக் கையில் கொடுத்துவிட்டார். அந்த நிமிஷத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு கையால் பிடிக்கிற வாள் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். எடுத்தவுடன் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். கையை நீட்டிப் பத்து நிமிஷம் பிடித்தால் முன்கை நடுங்க ஆரம்பித்துவிடும். கை நடுங்கும் புது ஆட்கள் 14 பேர், கையில் இரும்பு, ஒரே கூடத்துக்குள் என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. 'தலை, தோள், இடுப்பு' என்று மாஸ்டர் கத்துவார், ஒருவர் அடிக்க வேண்டும், மற்றவர் தடுக்க வேண்டும். எவ்வளவு தள்ளி நிற்பது, எங்கே பார்ப்பது, யார் முதலில் அசைவது என்று எதுவும் சொல்லவில்லை. யாராவது தயங்கினால் 'பயந்தா வாள் சண்டை வராது, அடிங்க' என்பார். எனக்கு அது வீரமான பேச்சாகப் பட்டது. வீட்டுக்கு வந்து உறக்கம் வராமல் அன்று இரவே இணையத்தில் ஒரு வாளும் ஆர்டர் செய்தேன்.

வாளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பணமும் தண்டம். நான் வாங்கியது பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தது. அவையெல்லாம் சுவரில் மாட்டுவதற்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி அளவில் நன்றாக உழைக்கும், வாள் அளவு நீளத்தில் மோதினால் சட்டென்று ஒடிகிற குணம் அதற்கு உண்டு. அதைவிட ஆபத்து கைப்பிடிக்குள் இருக்கிறது. நல்ல வாளில் அலகின் இரும்பே ஒரே துண்டாகக் கைப்பிடிக்குள் நீண்டு, அடியில் உள்ள குமிழ் வரை போய் அங்கே அடித்து இறுக்கப்பட்டிருக்கும். அலங்கார வாள்களில் அலகு கைப்பிடி தொடங்கும் இடத்திலேயே முடிந்துபோய், பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு கம்பியை அதில் பற்றவைத்திருப்பார்கள். வேகமாக வீசினால் அந்தப் பற்றவைப்பு விட்டுப்போய் அலகு மட்டும் தனியே பறக்கும். கைப்பிடியைப் பிடித்துக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்டால் அதை வைத்து யார் முன்னாலும் நிற்காதீர்கள். என்னுடையதில் கேட்டது. மேடைக்கான வாள்கள் வளைந்து நிமிரும் ஸ்பிரிங் ஸ்டீலில் வருகின்றன. 5160, ஈ.என்.45 போன்ற எஃகு வகை எண்களை விற்பவரே குறிப்பிட்டிருப்பார். ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு அதுவும் தேவையில்லை. வீட்டில் பழக ஒரு நேரான மரக் கழி போதும்.

இரண்டாவது வகுப்பு. என் ஜோடியாக வந்தவன் கல்லூரியில் படிக்கும் பையன். நல்ல பையன், தொடங்குவதற்கு முன் 'அக்கா, பட்டுச்சுன்னா சொல்லுங்க' என்றவன். முதல் அரை மணி நேரம் மெதுவாகத்தான் செய்தோம். பிறகு மாஸ்டர் 'வேகம், வேகம்' என்று கைதட்ட ஆரம்பித்தார். தலைக்கு வரும் அடியைத் தடுக்க நான் வாளைக் குறுக்காக உயர்த்த வேண்டும். அவன் கிளம்பிவிட்டான், நான் கிளம்பவில்லை. வாள் வருவதைக் கண்டதும் வலக்கை உயரும் முன்பே, சும்மா இருந்த இடக்கை தானாக முகத்துக்கு முன்னால் போய்விட்டது. அவன் வாள் என் வாளில் பட்டுச் சறுக்கி இறங்கியது, அவன் கைப்பிடிக்கு மேலே இருக்கும் குறுக்குச் சட்டம் நேராக வந்து என் நடுவிரல் நுனியில் இடித்தது. 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

பெரிய வலி இல்லை, அதுதான் ஏமாற்றிவிட்டது. வீக்கமும் அதிகமில்லை. நகத்துக்குக் கீழே உள்ள கடைசி மூட்டு மட்டும் மடங்கித் தொங்கியது. வலது கையால் நிமிர்த்தினால் நிமிரும், விட்டால் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, 'சுளுக்குதான், ஐஸ் வைங்க' என்றார். அங்கே முதலுதவிப் பெட்டி இல்லை. அந்தப் பையன் முகம் வெளுத்துப்போய் ஓரமாக நின்றான். நான்தான் அவனைத் தேற்றி அனுப்பினேன். வீட்டில் ஐஸ் வைத்தேன், தைலம் தேய்த்தேன், மூன்று நாள் சும்மா இருந்தேன். நாலாம் நாள் சட்டைப் பொத்தானைப் போடும்போது விரல் நுனி துணியில் மாட்டிக்கொண்டு நிமிராமல் கிடந்தது. அப்போதுதான் பயம் வந்து மருத்துவமனைக்குப் போனேன். விரல் நுனியை நிமிர்த்துகிற தசைநாண் அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். மேலட் ஃபிங்கர் என்று அதற்குப் பெயர். சில சமயம் தசைநாணோடு எலும்பும் சிறு துணுக்காகப் பெயர்ந்து வந்துவிடுமாம், அதனால் எக்ஸ்ரே எடுத்தார்கள். எனக்கு எலும்புக்கு ஒன்றுமில்லை, அறுவை சிகிச்சையும் வேண்டாம் என்றார்கள். விரல் நுனியை நிமிர்ந்தபடியே ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளின்ட்டில் வைத்து 6 வாரம், இரவு பகல், ஒரு நொடிகூட மடங்கக் கூடாது. நடுவில் ஒரே ஒரு தடவை மடங்கினாலும் அன்றிலிருந்து மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

கேட்கச் சாதாரணமாக இருக்கும். குளித்த பிறகு ஸ்பிளின்ட்டுக்குள் ஈரம் தங்கினால் தோல் வெளுத்து ஊறிப்போகும், அதனால் அதைக் கழற்றித் துடைத்தே ஆக வேண்டும். கையை மேசையில் கவிழ்த்து வைத்து, அம்மா என் விரல் நுனியைத் தன் இரண்டு விரலால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். நான் மற்றக் கையால் ஸ்பிளின்ட்டை உருவித் துடைத்து, உலரவிட்டு, மறுபடி மாட்டுவேன். மாட்டி முடிக்கும் வரை இரண்டு பேருமே மூச்சுவிட மாட்டோம். இரண்டாவது வார முடிவில் ஒரு நாள் காலை அவசரத்தில் நானே தனியாகக் கழற்றினேன். விரல் மடங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆறு வாரம் எட்டு வாரமானது அப்படித்தான். அதற்குப் பிறகும் ஒரு மாதம் இரவில் மட்டும் போட்டுக்கொண்டு தூங்கினேன். அடிபட்ட விரலின் நுனி தானாக நிமிரவில்லை என்றால் வலி இருக்கிறதோ இல்லையோ, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் ஸ்பிளின்ட் போட்டால் நன்றாகக் கூடும் என்றார்கள். நான் விட்ட அந்த மூன்று நாளும், நடுவில் மடங்கிய அந்த ஒரு தடவையும்தான் இந்த அரிசி மணி உயரத்துக்குக் காரணமோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்ரே, டாக்டர் கட்டணம், ஸ்பிளின்ட் எல்லாம் என் கைக்காசு. என்னுடைய காப்பீடு மருத்துவமனையில் படுத்தால்தான் உதவும். மீதி ஆறு வகுப்புக்கான பணத்தைக் கேட்டேன், படிவத்தைக் காட்டினார்கள். லேயர்ட்டிஸ் வேடம் வேறொருவருக்குப் போனது. நாடகத்தன்று நான் மூன்றாவது வரிசையில் அடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பணம் போனதைவிட அந்த ராத்திரிதான் எனக்குக் கனமாக இருந்தது.

ஏழு மாதம் கழித்து வேறொரு வகுப்பைத் தேடிப் போனேன். விட்டுவிடு என்றுதான் வீட்டில் சொன்னார்கள். ஆனால் தப்பு வாளிலா, எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்திலா என்று தெரியாமல் விட எனக்கு மனமில்லை. இந்தத் தடவை முதலில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மாஸ்டர் ஒரு பெண். 8 பேர்தான் வகுப்பில். முதல் இரண்டு மணி நேரம் ஒருவரும் வாளைத் தொடவில்லை. தொடங்கும் முன் வட்டமாக நிற்க வைத்து ஒவ்வொருவரிடமும், 'இன்னிக்கு உடம்புல எங்கயாவது வலி, பழைய காயம் இருக்கா?' என்று கேட்டார். நான் சேர்ந்த நாளில் விரலைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, 'அப்போ உங்க இடது கை எங்க இருந்துச்சு?' என்றார். எந்தப் பக்கம் அடித்தான், யார் அடித்தது என்று கேட்காமல் நேராக அந்தக் கேள்விக்கு வந்தார். முகத்துக்கு முன்னால் இருந்தது என்றேன். சும்மா இருக்கும் கைக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும், முதுகுக்குப் பின்னாலோ இடுப்பிலோ, இல்லாவிட்டால் அது பயத்தில் தானாக ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளும் என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எட்டு வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

அங்கே கற்றதில் முதல் பாடம் தூரம். வாளை எடுத்துக் கையை முழுக்க நீட்டச் சொல்வார். வாளின் முனைக்கும் எதிரில் நிற்பவரின் உடம்புக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சம் இருக்க வேண்டும். காலை நீட்டிப் பாய்கிற அடி என்றால், பாய்ந்து முடித்த நிலையில் அந்தச் சாண் மிச்சம் இருக்க வேண்டும். அதாவது நான் எவ்வளவு தப்பாக வீசினாலும், எதிரில் இருப்பவர் தடுக்கவே மறந்துபோனாலும், என் வாள் அவரைத் தொடவே முடியாது. பிறகு வாள்கள் எப்படி மோதும் என்று கேட்டேன். இரண்டு பேரும் கையை முன்னால் நீட்டியிருக்கிறோம், அதனால் நடுவழியில் வாளும் வாளும் சந்திக்கும், உடம்பும் வாளும் சந்திக்காது. பார்வையாளர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஒரு சாண் இடைவெளி கண்ணுக்கே தெரிவதில்லை. இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அன்று அந்தப் பையனின் வாள் முனை என் உடம்பைத் தாண்டி எங்கேயோ போயிருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அவன் கைப்பிடி என் விரலில் இடித்திருக்கும். கட்டிப்பிடிக்கும் தூரத்தில் இரண்டு பேரையும் நிற்க வைத்திருக்கிறார்கள், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அடுத்தது கண். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், அவர் திரும்பப் பார்க்காவிட்டால் அடி கிடையாது. பார்த்தபிறகு வாளைப் பின்னுக்கு இழுத்து, இன்ன இடத்துக்கு வரப்போகிறேன் என்று காட்ட வேண்டும். அதைப் பார்த்துத் தடுப்பவர் கிளம்புவார். அவர் கிளம்பியதைக் கண்ட பிறகுதான் அடி போக வேண்டும். நான் அதுவரை நினைத்திருந்ததற்கு நேர் எதிர். தடுப்பு முன்னால் கிளம்புகிறது, அடி அதைத் தேடிப் போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடிதான் முதலில் வந்ததுபோல் இருக்கும், ஏனென்றால் இழுத்துக் காட்டியதிலேயே அவர் மனசு அடியைப் பார்த்துவிட்டது. இதில் அடிக்கிறவர்தான் காத்திருக்கிறவர். 'அவர் வாள் வந்து நிக்காத இடத்துக்கு உங்க வாள் போகக் கூடாது' என்று மாஸ்டர் வகுப்புக்குப் பத்து தடவையாவது சொல்வார். அடிக்கும் குறி பெரும்பாலும் தோளின் வெளிப்பக்கம், இடுப்பின் வெளிப்பக்கம் என்று உடம்பின் ஓரமாகவே இருக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் குறுக்கே வாள் போகவே போகாது. விளையாட்டு வாள்வீச்சில் முகத்துக்குக் கம்பிவலைக் கவசம் உண்டு, மேடையில் முகம் வெறுமையாக இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

தடுக்கும்போது வாளின் எந்தப் பகுதி படுகிறது என்பதும் முக்கியம். கைப்பிடிக்கு அருகில் இருக்கும் பாதிதான் வாளின் பலம், முனைப் பக்கப் பாதி வலு இல்லாதது. தடுப்பவர் தன் பலமான பாதியால் அடிப்பவரின் வலுவில்லாத பாதியை வாங்கினால் ஒரு குழந்தைகூடத் தடுத்துவிடலாம். சத்தத்துக்காக ஓங்கி அடிக்கத் தேவையே இல்லை, இரும்பு இரும்பைத் தொட்டாலே கூடம் முழுக்கக் கேட்கும். அடி போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்க வேண்டும், தள்ளக் கூடாது. ஆக்ரோஷம் எங்கே இருந்து வரும் என்றால் மூச்சிலும் தொண்டையிலும் முகத்திலும் காலிலும். அடிவாங்குபவர் எழுப்பும் ஒரு முனகல், அடிப்பவரின் பத்து வீச்சைவிட நம்பவைக்கும். நடிப்பு தெரிந்த நமக்கு இது நல்ல செய்தி.

வேகத்தைப் பற்றி ஒன்று. நான் அங்கே சேர்ந்து ஒரு மாதம் வரை, தண்ணீருக்குள் நடப்பதுபோலத்தான் செய்தோம். நாலு அடி, நாலு தடுப்பு, அவ்வளவுதான், திரும்பத் திரும்ப. எனக்கு நடுவில் பொறுமை போய்விட்டது. பிறகு கவனித்தேன், மெதுவாகச் செய்யும்போது தடுமாறுகிற இடத்தில்தான் வேகத்தில் அடிபடுகிறது. வேகம் அந்தத் தடுமாற்றத்தை மறைக்கும், சரிசெய்யாது. தொழில்முறை நாடகக் குழுக்களில் நூறாவது காட்சி என்றாலும், அன்றைக்கு மேடையேறும் முன் சண்டையை ஒரு தடவை மெதுவாகவும் ஒரு தடவை காட்சி வேகத்திலும் செய்து பார்த்த பிறகுதான் திரை தூக்குவார்கள். யாராவது ஒருவர் தன் அடியை மறந்துவிட்டால் உத்தேசமாக எதையும் வீசக் கூடாது. வாள் முனையைத் தரைக்கு இறக்கி ஓர் அடி பின்னால் போக வேண்டும். கூடத்தில் எது தப்பாகத் தெரிந்தாலும் யார் வேண்டுமானாலும் 'ஹோல்ட்' என்று கத்தலாம், கத்தினால் எல்லாரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். முதல் நாள் வகுப்பில் இந்தச் சொல்லை உங்களுக்குச் சொல்லித்தரவில்லை என்றால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள்.

வாளைக் கையில் வாங்கும்போதே சோதிப்பதும் அங்கேதான் பழக்கமானது. கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்ப்போம், குறுக்குச் சட்டமும் குமிழும் ஆடுகிறதா என்று திருகிப் பார்ப்போம், முனை உருண்டையாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். பிறகு ஒரு பழைய பருத்தித் துணியை விளிம்போடு மெல்ல இழுப்போம். வாளும் வாளும் மோதும் இடத்தில் ரம்பப் பல் மாதிரிப் பிசிறு எழும்பும், கண்ணுக்குத் தெரியாத பிசிறிலும் துணி மாட்டும். மாட்டிய இடத்தை அரத்தால் ராவிச் சமமாக்கி, எண்ணெய் துடைத்து வைத்தபிறகுதான் வீட்டுக்குப் போவோம். 'நேத்து சரியா இருந்துச்சே' என்பது கணக்கில்லை, இன்றைக்குப் பார்க்க வேண்டும். 2008 டிசம்பரில் வியன்னாவின் பர்க்தியேட்டரில் ஒரு நடிகர் காட்சிப்படி தன் கழுத்தை அறுப்பதுபோல் நடித்தபோது, கத்தி மழுங்காமல் இருந்ததால் நிஜமாகவே அறுபட்டுப்போனது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். ஹாம்லெட் கதையிலும் இதுதான் நடக்கிறது. லேயர்ட்டிஸ் முனை மழுக்காத வாளை எடுத்துக்கொள்வான், ஹாம்லெட் சோதிக்காமல் ஏமாறுவான். அந்த வேடத்துக்கு வசனம் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் வசனமாகத்தான் இருந்தது.

மாஸ்டர் எங்கே கற்றார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் 1969-லும் அமெரிக்காவில் 1977-லும் சண்டை இயக்குநர்களுக்கென்றே சங்கங்கள் தொடங்கிவிட்டன. சொசைட்டி ஆஃப் அமெரிக்கன் ஃபைட் டைரக்டர்ஸ் வைக்கும் தேர்வுக்கு ஓர் ஆயுதத்துக்கே 30 மணி நேரப் பயிற்சி வேண்டும், தேறினாலும் அந்தச் சான்று 3 வருஷத்துக்குத்தான் செல்லும். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், 8 வாரத்தில் நான் கற்று வந்து இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுப்பேன் என்று கிளம்பியிருக்க மாட்டேன். சங்கச் சான்றிதழ் இல்லாத நல்ல மாஸ்டர்களும் உண்டு, ஆனால் யாரிடம், எத்தனை வருஷம், எந்த மேடைகளுக்கு என்று கேட்டால் அவர்களால் சட்டென்று பதில் சொல்ல முடியும். முதல் மாஸ்டரிடம் நான் கேட்கவே இல்லை.

போகும்போது தட்டையான அடி உள்ள ஷூ போடுங்கள், ஓட்டத்துக்கான தடித்த அடி ஷூ பக்கவாட்டில் காலை மடக்கும். மோதிரம், வளையல், தோடு எல்லாம் வீட்டில் இருக்கட்டும். முடியை இறுக்கக் கட்டுங்கள், மெல்லிய தோல் கையுறை வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் கையைவிடத் தொடைதான் வலிக்கும். பாயும்போது முழங்கால் கால் விரல் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும், உள்ளே சாய்ந்தால் மூட்டுக்குக் கேடு.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. புது மாஸ்டரிடம் சேர்ந்து தூரப் பாடம் கற்ற அன்று இரவே அவனுக்குப் போன் பண்ணினேன். அவனும் அந்தப் பழைய வகுப்பை எனக்கு அடிபட்ட அன்றோடு நிறுத்தியிருக்கிறான். 'அக்கா, உங்க விரல உடைச்சவன்னு நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே போச்சு' என்றான். தப்பு உன்னுடையது இல்லை, ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லி நமக்கு யாரும் சொல்லவில்லை என்று சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் புது வகுப்புக்கு அவன் வர ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. வந்தபிறகும் முதல் மூன்று வாரம் என்னோடு ஜோடி சேர மாட்டேன் என்று ஒதுங்கிப் போனான்.

போன சனிக்கிழமை சேர்ந்தோம். தலைக்கு வரும் அடி, அதே தடுப்பு. என் இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் கையை நீட்டி முனைக்கும் எனக்கும் இடையில் உள்ள சாணை இரண்டு தடவை பார்த்துவிட்டு, அரை அடி பின்னால் தள்ளி நின்றான். பிறகு கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வாளைப் பின்னுக்கு இழுத்தான். என் வாள் உயர்ந்து நிற்கும் வரை அங்கேயே வைத்திருந்தான்.